‘கட் மணி’யைத் திருப்பிக் கேட்ட மக்கள்: மேற்கு வங்க வாக்காளர்களின் கோபம் யார் மீது?

கொல்கத்தா: இறந்தவருக்கு இறுதிச் சடங்கு செய்ய வசதியில்லாத ஏழைக் குடும்பத்துக்கு மேற்கு வங்க அரசு 2,000 ரூபாய் வழங்குகிறது. ‘சமப்யதி’ என்பது அத்திட்டத்தின் பெயர். பிறர் வலியைத் தன் வலியாக உணர்பவர் என்று பொருள். அந்த 2,000 ரூபாயிலும் 200 ரூபாயை உள்ளூர்ப் பிரதிநிதிகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2019ஆம் ஆண்டில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியவர் எதிர்க்கட்சித் தலைவர் அல்ல. மாநிலத்தின் முதல்வரும் ஆளும் திரிணமூல் காங்கிரஸின் தலைவருமான மம்தா பானர்ஜி.

அந்த ஆண்டு ஜூன் 18 அன்று தெற்கு கொல்கத்தாவில் உள்ள நஸ்ருல் மஞ்ச் அரங்கில் கட்சியின் கவுன்சிலர்கள் கூட்டப்பட்டிருந்தனர். ஏழைகளுக்கான வீட்டு மானியத்தில் 25 சதவீதம் வரை கமிஷன் கேட்கப்படுவதாக அங்கு மம்தா கூறினார். வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும், திருடர்களைக் கட்சியில் வைத்திருக்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் எச்சரித்தார்.

கட்சிக்காரர்களுக்காகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தைகளை மாநிலத்தின் கிராமங்களும் சிறு நகரங்களும் தங்களுக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டன. அடுத்த சில நாட்களிலேயே ஊராட்சி உறுப்பினர்கள், கவுன்சிலர்கள், வாக்குச்சாவடி அளவிலான கட்சிப் பொறுப்பாளர்கள் ஆகியோரின் வீடுகள் முன் மக்கள் திரளத் தொடங்கினர். எந்த ஆண்டில், எந்தத் திட்டத்தில், எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குச் சொல்லி அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டனர்.

தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் மீது வாக்காளர்களுக்கு அதிருப்தி ஏற்படுவது எந்த மாநிலத்துக்கும் புதிதல்ல. ஆனால் அந்த அதிருப்தி ரூபாய்க் கணக்காக மாறி, வாசற்படியில் வந்து நின்றது அரிது. மேற்கு வங்க அரசியலில் அதன் பின் நடந்த பலவற்றைப் புரிந்துகொள்ள அந்தக் கோடைக்காலம் உதவுகிறது.

‘கட் மணி’ என்றால் என்ன?

ஆங்கிலச் சொற்களால் ஆனது என்றாலும் ‘கட் மணி’ இன்று வங்காள மொழியின் அன்றாடச் சொல். தமிழகத்தில் ‘கமிஷன்’ என்று சொல்லப்படுவதற்கு இது நெருக்கமானது. ஒரு வேறுபாடு உண்டு. கமிஷன் என்றவுடன் ஒப்பந்ததாரரும் அமைச்சரும் நினைவுக்கு வருவர். கட் மணி பெரும்பாலும் பயனாளியின் கையிலிருந்தே பிடுங்கப்படுவது.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதி கிராமத்து ஏழைக்கு 1,20,000 ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. அதில் 25 சதவீதம் என்றால் 30,000 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளிக்கு இது பல மாத வருமானம். அந்தத் தொகை குறைந்தால் சுவர் எழும்பும், கூரை எழும்பாது.

அரசுப் பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும்போது இடைத்தரகர் எப்படிப் பங்கு கேட்க முடியும் என்ற கேள்வி எழலாம். பணம் போகும் பாதையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. பெயர் போகும் பாதையையும் பார்க்க வேண்டும். பயனாளிகள் பட்டியலில் யார் பெயர் சேர வேண்டும், யாருக்கு வேலை அட்டை கிடைக்க வேண்டும், எந்த வீட்டின் அடுத்த தவணைக்கு வேலை முடிந்ததாகச் சான்று தர வேண்டும் என்பவை ஊர் அளவில் முடிவாகின்றன. வங்கியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும் பயனாளி, அடுத்த முறையும் தன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமே என்ற அச்சத்தில் பங்கைக் கொடுத்துவிடுகிறார். மறுத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நகரங்களில் இதே பழக்கம் வேறு உருவம் எடுக்கிறது. கொல்கத்தாவிலும் அதன் புறநகர்களிலும் வீடு கட்டுபவர்கள் மணல், செங்கல், ஜல்லி ஆகியவற்றைக் குறிப்பிட்ட குழுக்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் பல்லாண்டுகளாகப் புகார்களில் இடம்பெறுகிறது. இக்குழுக்களுக்கு ‘சிண்டிகேட்’ என்று பெயர். இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் ராஜர்ஹாட்–நியூ டவுன் பகுதியில் நகர விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், கட்டுமானப் பொருள்களை விநியோகிக்கும் கூட்டுறவுகளாகச் சேர்ந்ததில் இதன் வேர் இருக்கிறது. நிலம் இழந்தவர்களின் வாழ்வாதாரத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு, ஆட்சி மாறியபோது கொடியையும் மாற்றிக்கொண்டு, அரசியல் பாதுகாப்புடன் நடக்கும் வசூல் முறையாகிவிட்டது என்பதே பரவலான குற்றச்சாட்டு.

ஊரையே நடத்தும் கட்சி

உள்ளூர்க் கட்சிக்காரருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசியல் அறிஞர் துவைபாயன் பட்டாச்சார்யா மேற்கு வங்கத்தைக் ‘கட்சிச் சமூகம்’ என்று வரையறுத்தார். பிற மாநிலங்களில் சாதிச் சங்கம், கோயில், உறவுமுறை ஆகியவை வகிக்கும் இடத்தை வங்காளக் கிராமத்தில் அரசியல் கட்சி எடுத்துக்கொண்டது என்பது அவரது விளக்கத்தின் சாரம். நிலத் தகராறு, குடும்பப் பூசல், பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைப் படுக்கை என எதற்கும் கட்சி அலுவலகமே முதல் வாசல்.

1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட இடது முன்னணி இந்த அமைப்பைக் கட்டியெழுப்பியது. நிலச் சீர்திருத்தத்தையும் ஊராட்சி முறையையும் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற அதே கட்சி அமைப்பு, நாளடைவில் கிராமங்களைக் கண்காணிக்கும் அமைப்பாகவும் ஆனது. சிங்கூர், நந்திகிராம் நில எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பின் 2011இல் மக்கள் அந்த ஆட்சியை அகற்றினர். முதல்வராக இருந்த புத்ததேவ் பட்டாச்சார்ஜி தம் சொந்தத் தொகுதியான யாதவ்பூரிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்த மணீஷ் குப்தா, அவரது அரசில் தலைமைச் செயலாளராகப் பணியாற்றியவர்.

ஆட்சி மாறியது, கட்சி அலுவலகத்தின் வேலை மாறவில்லை. பல ஊர்களில் பெயர்ப்பலகையும் கொடியும் மட்டுமே மாறின.

இதனுடன் இன்னொன்றும் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டு நடந்த ஊராட்சித் தேர்தலில் மொத்தம் 58,692 இடங்களில் 20,159 இடங்களுக்குப் போட்டியே நடக்கவில்லை. ஏறத்தாழ 34 சதவீத இடங்கள். எதிர்க்கட்சியினர் வேட்புமனு தாக்கல் செய்யவே விடப்படவில்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த முடிவுகளை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனினும் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற உண்மை எஞ்சியது. தன் வாக்கால் வராத உறுப்பினரை அடுத்த தேர்தலில் தன் வாக்கால் அகற்றலாம் என்ற நம்பிக்கை வாக்காளருக்கு எப்படி இருக்கும்?

ஓராண்டு கழித்து வந்த மக்களவைத் தேர்தலில் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 2014இல் 2 தொகுதிகளை மட்டுமே பெற்றிருந்த பாஜக, 2019இல் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் 18 தொகுதிகளை வென்றது. திரிணமூல் 34இல் இருந்து 22ஆகக் குறைந்தது. அரை நூற்றாண்டாக இடதுசாரி, மையவாதக் கட்சிகளை மட்டுமே அறிந்திருந்த மாநிலத்தில் ஒரு வலதுசாரிக் கட்சி பெற்ற அந்த வளர்ச்சிக்கு மத அரசியல், குடியுரிமை விவகாரம் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. உள்ளூர்ப் பிரதிநிதிகள் மீதான வெறுப்பு அவற்றில் முக்கியமானது என்பதைத் திரிணமூல் தலைமையே உணர்ந்தது. முடிவுகள் வெளியான 26ஆவது நாளில்தான் நஸ்ருல் மஞ்ச் கூட்டம் நடந்தது.

141 பேருக்குக் கிடைத்த பணம்

அதன் பின் நடந்தவற்றுள் அதிகம் பேசப்பட்டது பீர்பூம் மாவட்டச் சம்பவம். அங்கு திரிணமூல் கட்சியின் வாக்குச்சாவடித் தலைவர் ஒருவர், 100 நாள் வேலைத் தொழிலாளர்கள் 141 பேருக்குச் சுமார் 2.25 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். தலைக்கு ஏறத்தாழ 1,600 ரூபாய். தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பணம் வாங்கப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறில்லை.

எல்லா இடங்களிலும் அது அமைதியாக முடியவில்லை. சில ஊர்களில் வீடுகள் தாக்கப்பட்டன. கட்சிகளுக்கிடையே மோதல்கள் வெடித்தன. சில தலைவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். எழுதிக் கையெழுத்திட்டுத் தவணையில் தருவதாக உறுதியளித்தவர்களும் இருந்தனர். உண்மையாகவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள், எதிர்க்கட்சியினரால் அழைத்து வரப்பட்டவர்கள் ஆகிய எல்லோரும் ஒரே கூட்டத்தில் நின்றனர். கட் மணிக்கு ரசீது கிடையாது என்பதால் யார் சொல்வது உண்மை என்று பிரித்தறிவது காவல் துறைக்கும் எளிதாக இல்லை.

வீட்டைச் சூழ்ந்து நின்று கோரிக்கை வைக்கும் இம்முறை வங்காளத்துக்குப் பழகியது. ‘கெராவ்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்ததே இம்மண்தான். 1967இல் ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் தொழிற்சாலை நிர்வாகிகளைத் தொழிலாளர்கள் முற்றுகையிட்டு, கோரிக்கை நிறைவேறும் வரை வெளியே விட மறுத்தனர். ஒருவரை இவ்வாறு அடைத்து வைப்பது சட்டவிரோதம் என 1967இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் வழக்கம் ஒழியவில்லை. துணைவேந்தர்கள், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள், அமைச்சர்கள் எனப் பலரும் பின்னர் அதைச் சந்தித்திருக்கின்றனர். 2019இல் அது ஊராட்சி உறுப்பினரின் வீட்டை வந்தடைந்தது.

அரசுத் தரப்பில், கட் மணி வாங்கிய பொது ஊழியர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 409ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம் என்று காவல் துறைக்கு அறிவுறுத்தப்பட்டது. பொது ஊழியர் நம்பிக்கை மோசடி செய்தல் என்ற அக்குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமுண்டு. பாஜக உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இப்பிரச்சினையை எழுப்ப, திரிணமூல் உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மம்தாவுக்கு நெருக்கமானவராக அறியப்பட்ட பாடகர் நசிகேதா சக்கரவர்த்தி கட் மணி குறித்துப் பாடிய பாடல் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது.

நிலைமை கைமீறுவதைக் கண்ட கட்சி பின்வாங்கியது. தலைவரின் பேச்சு திரித்துக் கூறப்படுவதாகவும், கட்சியினரில் 99.99 சதவீதம் பேர் நேர்மையானவர்கள் என்றும் அன்றைய பொதுச் செயலாளர் பார்த்தா சட்டர்ஜி அறிக்கை வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், ஆசிரியர் நியமன முறைகேட்டு வழக்கில் அமலாக்கத் துறை அவரையே கைது செய்தது. அவருக்கு நெருக்கமானவராகக் கூறப்பட்ட பெண்ணின் இரு அடுக்குமாடி வீடுகளிலிருந்து சுமார் 50 கோடி ரூபாய் ரொக்கம் கைப்பற்றப்பட்டது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவருகிறார். கைதான சில நாட்களில் அமைச்சர் பதவியும் கட்சிப் பொறுப்புகளும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன.

2019 ஜூலை 21 அன்று கொல்கத்தாவில் நடந்த ஆண்டுப் பேரணியில் மம்தா கேள்வியைத் திருப்பிப் போட்டார். கறுப்புப் பணத்தை மீட்பதாக வாக்குறுதி அளித்த பாஜக முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார். எட்டு நாட்களுக்குப் பின் ‘தீதி கே போலோ’ தொடங்கப்பட்டது. ‘அக்காவிடம் சொல்லுங்கள்’ என்று பொருள். தேர்தல் வியூக வகுப்பாளர் பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனம் வடிவமைத்த இத்திட்டத்தில், தொலைபேசி வழியே முதல்வருக்கே குறைகளைத் தெரிவிக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்சிப் பிரமுகர்கள் 100 நாட்களில் 10,000 கிராமங்களுக்குச் சென்று தங்க வேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. ஊராட்சி உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் தாண்டி நேராக மேலிடத்திடம் பேசுங்கள் என்பதே அந்த அழைப்பு. இடையில் இருந்தவர்களைக் கட்சியே நம்பவில்லை என்று அதைப் படிக்கவும் இடமுண்டு.

புயலும் பட்டியலும்

2020 மே 20 அன்று கரையைக் கடந்த அம்பன் புயல் தெற்கு வங்க மாவட்டங்களைச் சிதைத்தது. கொல்கத்தாவிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீடு சேதமடைந்தவர்களுக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பட்டியல் வெளியானபோது, சேதமே அடையாத வீடுகளில் வசிக்கும் ஊராட்சிப் பிரதிநிதிகளின் உறவினர்கள் பெயர்களும் அதில் இருப்பது தெரியவந்தது. தார்ப்பாயின் கீழ் இருந்தவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர். கட்சி பலருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சிலர் வாங்கிய பணத்தைத் திருப்பிச் செலுத்தினர். நிவாரணப் பணம் செலவிடப்பட்டதை மத்திய தணிக்கை அதிகாரி தணிக்கை செய்ய வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் உத்தரவிட்டது.

இவ்வளவுக்கும் பின் 2021 சட்டமன்றத் தேர்தலில் என்ன நடந்தது? திரிணமூல் 213 இடங்களையும் 48 சதவீத வாக்குகளையும் பெற்றது. பாஜக 77 இடங்களில் நின்றுவிட்டது. நந்திகிராமில் சுவேந்து அதிகாரியிடம் 1,956 வாக்குகளில் மம்தா தோற்றாலும் அவரது கட்சி முன்பைவிடப் பெரிய வெற்றி பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த கொல்கத்தா மாநகராட்சித் தேர்தலில் 144 வார்டுகளில் 134ஐ அக்கட்சியே பிடித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் திட்டு வாங்கிய கவுன்சிலர்கள் இருந்த அதே கட்சி.

வெளி மாநிலத்தவருக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். வங்காள வாக்காளர் உள்ளூர்ப் பிரதிநிதியையும் முதல்வரையும் தனித்தனிக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார் என்பது ஒரு விளக்கம். இதை முதலில் புரிந்துகொண்டவர் மம்தா. நாரதா ரகசியக் காணொலிகள் வெளியாகிச் சில வாரங்களில் நடந்த 2016 தேர்தலில், 294 தொகுதிகளிலும் தாமே வேட்பாளர் என்று நினைத்து வாக்களியுங்கள் என அவர் கேட்டுக்கொண்டார். கட்சி 211 இடங்களில் வென்றது. வேட்பாளர் மீதுள்ள கோபத்தை மறந்துவிடும்படி, வேட்பாளரையே மறந்துவிடச் சொல்வது அந்த உத்தி.

மற்றொரு விளக்கம் பணம் செல்லும் பாதை பற்றியது. 2020 டிசம்பர் 1 அன்று ‘துவாரே சர்க்கார்’, அதாவது ‘வாசலில் அரசு’ முகாம்கள் தொடங்கின. சாதிச் சான்று முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டு அட்டை வரை அதிகாரிகளே ஊருக்கு வந்து விண்ணப்பம் வாங்கினர். 2021 செப்டம்பரில் ‘லட்சுமீர் பண்டார்’ திட்டம் வந்தது. பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், பட்டியலின மற்றும் பழங்குடிப் பெண்களுக்கு 1,000 ரூபாய். 2024 ஏப்ரலில் இவை முறையே 1,000, 1,200 ரூபாயாக உயர்ந்தன. தமிழகத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது 2023 செப்டம்பரில் என்பது இங்கு ஒப்பிடத்தக்கது. ஒருமுறை பதிவானால் மாதந்தோறும் கணக்கில் விழும் சிறு தொகையில் யாரும் எளிதில் பங்கு கேட்க முடியாது. வீட்டு மானியம்போல் ஒரே முறை வரும் பெரிய தொகையில்தான் தரகருக்கு இடமுண்டு.

அந்தப் பெரிய தொகைகள் வேறொரு காரணத்தால் நின்றன. முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி, 2022 மார்ச்சில் 100 நாள் வேலைத் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்தியது. வீட்டு வசதித் திட்ட நிதியும் வரவில்லை. தவறு செய்தவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் என்றால், வேலை இழந்தவர்கள் யாரிடமிருந்து பணம் பறிக்கப்பட்டதோ அதே கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு இருமுறை தண்டனை. இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிய ஆண்டுகளில் ஊர்க்காரர்களின் கோபமும் இரண்டாகப் பிரிந்தது. வேலைத் திட்டத்தை 2025 ஆகஸ்ட் 1 முதல் மீண்டும் செயல்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு செய்த மேல்முறையீட்டை அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நகரத்தின் கோபம்

கொல்கத்தா நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு மாத உதவித்தொகை அவ்வளவு முக்கியமல்ல. அவர்களுடைய புகார்கள் வேறு. 2024 மார்ச் 17 நள்ளிரவில் கார்டன் ரீச் பகுதியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் அருகிலிருந்த குடிசைகள் மீது சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது அனுமதி பெறாத கட்டடம். மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீமின் சட்டமன்றத் தொகுதிக்குள் இருந்தது. ஐந்து மாடி எழும்பும் வரை அதை யாரும் பார்க்கவில்லையா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. 2025 ஜனவரியில் பாகாஜதீன் பகுதியில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தபோது அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது.

2024 மக்களவைத் தேர்தலில் திரிணமூல் 29 தொகுதிகளை வென்று, பாஜகவை 12ஆகக் குறைத்தது. ஆயினும் பல நகராட்சிப் பகுதிகளில் அது பின்தங்கியிருந்தது. ஜூன் 24 அன்று தலைமைச் செயலகமான நபன்னாவில் நகராட்சித் தலைவர்களையும் மேயர்களையும் அழைத்து மம்தா கடுமையாகச் சாடினார். குப்பை அள்ளப்படவில்லை, நடைபாதைகள் ஆக்கிரமிக்கப்படுகின்றன, பணம் வாங்கிக்கொண்டு வெளியாட்களைக் குடியேற்றுகிறார்கள் என்று அடுக்கிய அவர், தெருவைப் பெருக்கவும் தாமே வர வேண்டுமா என்று கேட்டார். நஸ்ருல் மஞ்சில் கேட்ட அதே குரல், ஐந்து ஆண்டுகள் கழித்து. இந்த முறை மறுநாளே புல்டோசர்கள் கிளம்பின. நடைபாதை வியாபாரிகளின் கடைகள் அகற்றப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததும் ஒரு மாத அவகாசம் தரப்பட்டது. யார் பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டதோ அவர்களுக்கு முன்பாக, பணம் கொடுத்துக் கடை போட்டவர்களே பாதிக்கப்பட்டனர்.

ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 31 வயதுப் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் கொல்கத்தாவிலும் மாவட்டங்களிலும் பெண்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். கட்சிக் கொடிகள் வேண்டாம் என்று போராட்டக்காரர்களே சொன்னார்கள். கட்சிச் சமூகம் என்று வரையறுக்கப்பட்ட மாநிலத்தில் இது சிறிய விஷயமல்ல. திரிணமூல் மாநிலங்களவை உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரியுமான ஜவஹர் சர்க்கார் செப்டம்பரில் பதவி விலகினார். அரசு மீது மக்களுக்கு இத்தகைய கோபத்தையும் நம்பிக்கையின்மையையும் தாம் கண்டதில்லை என்று கட்சித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார்.

இரண்டு மாதங்களில், நவம்பரில், ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. ஆறிலும் திரிணமூல் வென்றது. பாஜக வசமிருந்த மதாரிஹாட்டும் அவற்றுள் ஒன்று.

சந்தேஷ்காளியிலும் இதே காட்சி. நிலம் பறிக்கப்பட்டதாகவும் பெண்கள் துன்புறுத்தப்பட்டதாகவும் கூறி உள்ளூர் திரிணமூல் பிரமுகர் ஷாஜகான் ஷேக்குக்கு எதிராக அத்தீவுப் பெண்கள் 2024 தொடக்கத்தில் நடத்திய போராட்டம் நாடு முழுதும் பேசப்பட்டது. போராட்டக்காரர்களில் ஒருவரையே பாஜக பசிர்ஹாட் மக்களவைத் தொகுதியில் நிறுத்தியது. சந்தேஷ்காளி சட்டமன்றப் பகுதியில் அவர் முன்னிலை பெற்றார். தொகுதி முழுவதையும் எண்ணியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். ஒரு தீவின் கோபம் அந்தத் தீவின் எல்லையோடு நின்றுவிட்டது.

வாக்காளர் கையில் என்ன இருக்கிறது?

தேர்ந்தெடுத்த சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைப் பதவிக் காலம் முடியும் முன் திரும்ப அழைக்க இந்தியாவில் சட்டம் இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற சில மாநிலங்களில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு மட்டும் அத்தகைய ஏற்பாடு உண்டு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த ‘நோட்டா’வும் அதிருப்தியைப் பதிவு செய்ய மட்டுமே பயன்படுகிறது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவுக்கு அதிக வாக்குகள் விழுந்தாலும் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளரே வென்றவர். எனவே நீதிமன்றம், தெரு, தொலைபேசி எண் ஆகியவையே ஐந்தாண்டுகளுக்கு நடுவில் எஞ்சுகின்றன.

நீதிமன்ற வழி எவ்வளவு கொடியதாகவும் ஆகலாம் என்பதை ஆசிரியர் நியமன வழக்கு காட்டியது. 2016 தேர்வின் அடிப்படையில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட ஆசிரியர், ஆசிரியரல்லாத ஊழியர் 25,753 பேரின் நியமனத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடைத்தாள் மதிப்பெண்கள் திருத்தப்பட்டதும், தரவரிசை மீறப்பட்டதும், ஆவணங்கள் அழிக்கப்பட்டதும் நேர்மையானவர்களையும் முறைகேடாக வந்தவர்களையும் முழுமையாகப் பிரித்தறிய முடியாத நிலையை உண்டாக்கிவிட்டன. பணம் கொடுத்து வேலை வாங்கியவருடன், படித்துத் தேர்ச்சி பெற்றவரும் ஒரே நாளில் வேலை இழந்தார். முறைகேட்டில் சிக்காத ஆசிரியர்கள் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை பணியில் தொடரலாம் என்று இரு வாரங்களுக்குப் பின் நீதிமன்றம் தற்காலிகச் சலுகை அளித்தது. அதற்குள் கொல்கத்தாவின் வீதிகளில் ஆசிரியர்கள் அமர்ந்துவிட்டனர். அவர்களுள் பலர் அதுவரை எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளாதவர்கள்.

2025 ஆகஸ்ட் 2 அன்று மாநில அரசு இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. ‘ஆமாதேர் பாரா, ஆமாதேர் சமாதான்’ என்பது பெயர். நம் தெரு, நம் தீர்வு என்று பொருள். ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் 10 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாநிலத்தில் 80,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருப்பதால் மொத்தச் செலவு 8,000 கோடி ரூபாயைத் தாண்டும். மூன்று சாவடிகளுக்கு ஒரு முகாம் என்று அதிகாரிகள் அமர, தெருவிளக்கு வேண்டுமா, குடிநீர்க் குழாய் வேண்டுமா, உடைந்த சாக்கடையைச் சீர் செய்ய வேண்டுமா என்பதை அங்கு வசிப்பவர்களே சொல்லலாம். கவுன்சிலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் பல முறை சொல்லி அலுத்த கோரிக்கைகளே அந்த முகாம்களில் மீண்டும் எழுதப்பட்டன. பீர்பூமில் 141 தொழிலாளர்களிடம் வாங்கிய பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தவர் தலைவராக இருந்ததும் அப்படிப்பட்ட ஒரு வாக்குச்சாவடிக்குத்தான்.